ஒரே டர்னில் ரெண்டு ஸ்பெல் போடலாமா? சண்டை விதிகளில் சிக்குகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறார்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை மனதில் வைத்து டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர், ஒரு கற்பனைத் துறைமுகத்தை உருவாக்கியிருக்கிறார். அங்கே கடற்கொள்ளையர் கூட்டத்தோடு சண்டை. ரெண்டாவது ரவுண்டிலேயே "டேய், அவன் ஒரே டர்ன்ல ரெண்டு ஸ்பெல் வுட்டுட்டான்டா" என்று ஒருவர் கிளப்ப, கவுன்டர்ஸ்பெல் (அடுத்தவர் போடும் ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, தடுப்பது), மூடுபனி, கேடயம் பிடித்த கிளெரிக்கின் (பூசாரிப் பாத்திரம்) கை, கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லைக் கவனத்தால் தாங்கிப் பிடிப்பது), ஓடுகிறவனை அடிப்பது என்று சச்சரவு வளர்ந்து ஆட்டமே நின்றுவிட்டது. எது சரி, எது தப்பு என்று டிஎம் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் ஆட்டத்தில் ஓடுவது 2014 விதியா, 2024 விதியா? பெயர் ஒன்றுதான். ஆனால் கவுன்டர்ஸ்பெல், ஒரு டர்னில் எத்தனை ஸ்பெல், சர்ப்ரைஸ், போர்வீரன் பாத்திரமான ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ் எல்லாமே உள்ளே மாறியிருக்கின்றன. ஒருவர் போனில் பழைய பிடிஎஃப், இன்னொருவர் கையில் புதுப் புத்தகம் என்றால் ரெண்டு பேரும் சரியான வரியையே படித்துக்காட்டிச் சண்டை போடுவார்கள், யாராலும் தீர்த்துவைக்க முடியாது. சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் விதித் தொகுப்புகள் ரெண்டு இருக்கின்றன. எஸ்ஆர்டி 5.1 என்பது 2014 விதிகள். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். எஸ்ஆர்டி 5.2 என்பது 2024 விதிகள். 2025 ஏப்ரலில் வந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சண்டை, ஸ்பெல்காஸ்டிங் பகுதிகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு நடுவில் வைத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் உங்கள் ஆட்கள் பெரும்பாலும் 2014 விதியில்தான் ஆடுகிறார்கள். அதனால் அதையே அடிப்படையாக வைக்கிறேன். 2024 மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் ஆறு சச்சரவையும் வரிசையாகப் படித்தால் ஒரே இடத்தில்தான் எல்லாம் சிக்குகின்றன: எது முதலில் நடக்கிறது, எது அப்புறம் நடக்கிறது என்று யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. ஒரு ரவுண்டு என்பது கதையில் 6 விநாடி. அந்த 6 விநாடிக்குள் எல்லாருடைய டர்னும், அதாவது முறையும், அடங்கும். டர்னில் செய்யும் முக்கியச் செயல் ஆக்‌ஷன், கூடவே செய்யும் சின்னச் செயல் போனஸ் ஆக்‌ஷன், ஏதாவது நடந்ததும் உடனே பதிலாகச் செய்வது ரியாக்‌ஷன். ஸ்பெல் ஒன்று போடும்போது இந்த வரிசையில் போங்கள்: "ஸ்பெல் போடுகிறேன்" என்ற அறிவிப்பு, அதற்கான விலை, அதாவது ஆக்‌ஷனா போனஸ் ஆக்‌ஷனா, எந்த ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவாகும் வாய்ப்பு), வாய் (மந்திரச் சொல்), கை (சைகை), பொருள் மூன்றும் தயாரா என்ற சோதனை, இங்கே ஒரு நிறுத்தம், யாராவது கவுன்டர்ஸ்பெல் போடுகிறார்களா, பிறகு இலக்கு, பிறகு அட்டாக் ரோல் (அடி படுகிறதா என்ற உருட்டல்) அல்லது சேவிங் த்ரோ (தாங்கித் தப்பும் உருட்டல், சுருக்கமாகச் சேவ்), அட்டாக் பட்டால் இன்னொரு நிறுத்தம், யாராவது ஷீல்டு (தற்காப்பு ஸ்பெல்) போடுகிறார்களா, பிறகு டேமேஜ், கடைசியாக, டேமேஜ் வாங்கியவர் கான்சன்ட்ரேஷனில் இருந்தால் அதற்கான சேவ். இந்த ரெண்டு நிறுத்தத்தையும் டிஎம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் தாண்டிப் போனால்தான் "நான் முன்னாடியே சொல்ல இருந்தேன்" என்று பின்னால் இழுப்பார்கள்.

இப்போது ஒரே டர்னில் ரெண்டு ஸ்பெல் விவகாரம். உங்கள் விசார்ட் (மந்திரவாதிப் பாத்திரம்) போனஸ் ஆக்‌ஷனில் மிஸ்டி ஸ்டெப் (மாயமாக இடம் மாறுவது) போட்டுப் படகின் மேல் தாவினார், அங்கிருந்து ஆக்‌ஷனில் ஃபயர்பால் விட்டார். 2014 விதிப்படி இது செல்லாது. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு ஸ்பெல் போட்டுவிட்டால், அதே டர்னில் வேறு ஸ்பெல் எதுவும் போட முடியாது. ஒரே விலக்கு, ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன ஸ்பெல்). மிஸ்டி ஸ்டெப்புக்குப் பிறகு ஃபயர் போல்ட் விட்டிருந்தால் சரி. ஃபயர்பாலை முதலில் விட்டு மிஸ்டி ஸ்டெப்பை அப்புறம் போட்டாலும் செல்லாது, வரிசையை மாற்றித் தப்பிக்க வழியில்லை.

நிறையப் பேர் இதை "ஒரு டர்னுக்கு ஒரு லெவல்டு ஸ்பெல்" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 2014-இல் அப்படி ஒரு விதியே கிடையாது. தடை வருவது போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல்லால்தான். ரெண்டு லெவல் ஃபைட்டர் எடுத்த விசார்ட் ஆக்‌ஷன் சர்ஜ் போட்டு, அதாவது அதே டர்னில் இன்னொரு ஆக்‌ஷன் வாங்கி, ரெண்டு ஃபயர்பால் விட்டால் 2014-இல் அது செல்லும், ஏனென்றால் ரெண்டுமே ஆக்‌ஷன். இதே தடை இன்னொரு பக்கமும் கடிக்கும். கிளெரிக் தன் டர்னில் போனஸ் ஆக்‌ஷனாக ஹீலிங் வேர்டு போட்டுவிட்டு நகரும்போது ஒருவன் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவரை அடிப்பது) அடிக்கிறான் என்று வையுங்கள். அது இன்னும் அவருடைய டர்ன்தான். ரியாக்‌ஷனில் போடுகிற ஸ்பெல் எது கையில் இருந்தாலும் அந்த டர்ன் முடியும்வரை போட முடியாது. அடுத்தவர் டர்ன் தொடங்கியதும் போடலாம்.

2024-இல் இந்த விதியை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்தார்கள்: ஒரு டர்னில் ஸ்பெல் போட ஒரே ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம். மிஸ்டி ஸ்டெப்பும் ஃபயர்பாலும் ஸ்லாட்டில் போட்டால் இங்கேயும் செல்லாது. ஆனால் ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) மூலமாக ஸ்லாட் இல்லாமல் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் மிஸ்டி ஸ்டெப் என்றால் அதோடு ஃபயர்பால் செல்லும். ஆக்‌ஷன் சர்ஜில் கிடைக்கும் கூடுதல் ஆக்‌ஷனை 2024-இல் ஸ்பெல்லுக்குப் பயன்படுத்தவே முடியாது.

கவுன்டர்ஸ்பெல்லில்தான் உங்கள் ஆட்கள் அதிக நேரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரியாக்‌ஷன் எழுவதற்கு ரெண்டு நிபந்தனை: ஸ்பெல் போடுகிற ஆள் 60 அடிக்குள் இருக்க வேண்டும், அவர் போடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். 60 அடி என்பது உங்களுக்கும் போடுகிற ஆளுக்கும் இடையில் உள்ள தூரம். ஃபயர்பால் எங்கே வெடிக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபயர்பாலின் எட்டும் தூரம் 150 அடி. ஆகவே எதிரி மந்திரவாதி 65 அடியில், கட்டத்தில் 13 சதுரம் தள்ளி நின்றால் கவுன்டர்ஸ்பெல் அவரைத் தொடாது. புத்திசாலி வில்லன் அங்கேதான் நிற்பார். சார்சரர் (இன்னொரு வகை மந்திரவாதிப் பாத்திரம்) சப்டில் ஸ்பெல் போட்டு வாயும் கையும் அசையாமல் செய்தால், பொருளும் தேவைப்படாத ஸ்பெல்லாக இருந்தால், பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அதையும் தடுக்க முடியாது.

2014-இல் தடுக்கிற முறை: கவுன்டர்ஸ்பெல்லை 3-ஆம் லெவல் ஸ்லாட்டில் போட்டால், 3-ஆம் லெவலும் அதற்குக் கீழும் உள்ள ஸ்பெல் தானாக விழுந்துவிடும். அதைவிடப் பெரியது என்றால் ஸ்பெல்காஸ்டிங் ஏபிலிட்டி வைத்து ஒரு செக், அதாவது பகடைச் சோதனை. டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 10 கூட்டல் அந்த ஸ்பெல்லின் லெவல். எதிரி 5-ஆம் லெவல் கோன் ஆஃப் கோல்டு போடுகிறான், உங்கள் விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் 18 என்று வையுங்கள். டிசி 15, கூட்டுவது +4. டி20-இல் (20 முகப் பகடை) 11 அல்லது மேல் விழ வேண்டும், சரிபாதி வாய்ப்பு. உங்கள் ஆட்டத்தில் விசார்ட் இதில் புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான) போனஸையும் கூட்டியிருக்கிறார். அது தப்பு. இது வெறும் ஏபிலிட்டி செக். புரொஃபிஷியன்சி சேர்க்க வேண்டுமானால் அதற்கென்று தனித் திறன் இருக்க வேண்டும், 10-ஆம் லெவல் அப்ஜுரேஷன் விசார்டுக்கு இருப்பதைப் போல. 5-ஆம் லெவல் ஸ்லாட்டையே செலவழித்துக் கவுன்டர்ஸ்பெல் போட்டால் செக் இல்லாமலே விழும். தோற்றால் ஸ்லாட்டும் போச்சு, ரியாக்‌ஷனும் போச்சு.

எந்த ஸ்பெல் என்று டிஎம் முதலிலேயே சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிப்படைப் புத்தகம் இதைப் பற்றிப் பேசவில்லை. 2017-இல் வந்த சனாதர்ஸ் கைடு என்ற கூடுதல் புத்தகம் ஒரு விருப்ப விதி தருகிறது: ரியாக்‌ஷனைச் செலவழித்து ஆர்கேனா (மந்திர அறிவு) செக், டிசி 15 கூட்டல் ஸ்பெல் லெவல், தேறினால் என்ன ஸ்பெல் என்று தெரியும். ஆனால் ரியாக்‌ஷன் அதிலேயே போய்விடுவதால் கண்டுபிடித்த ஆள் தடுக்க முடியாது, இன்னொருவர்தான் தடுக்க வேண்டும். நடைமுறையில் நான் சிபாரிசு செய்வது இதுதான்: ரெண்டு பக்கமும் ஒரே ஒழுங்கு. டிஎம் "கொள்ளைக்காரி கையை உயர்த்தி ஏதோ முணுமுணுக்கிறாள், ஸ்பெல் போடுகிறாள்" என்று சொல்லி நிறுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணட்டும். யாரும் வரவில்லை என்றால் பெயரைச் சொல்லட்டும். ஆட்டக்காரர்களும் "ஸ்பெல் போடுகிறேன்" என்று நிறுத்திவிட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும். டிஎம் மட்டும் பெயரை மறைத்து, ஆட்டக்காரர் பெயரைக் கேட்டுவிட்டுத் தன் வில்லனைக் கவுன்டர்ஸ்பெல் போட வைப்பது நியாயமில்லை. உங்கள் விசார்ட் கோபப்பட்டது அதற்குத்தான் என்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

கவுன்டர்ஸ்பெல்லுக்கே கவுன்டர்ஸ்பெல் போடலாமா? 2014-இல் போடலாம். உங்கள் விசார்ட் ஆக்‌ஷனில் ஃபயர்பால் தொடங்குகிறார், கொள்ளைக்காரி தடுக்கிறாள், விசார்ட் தன் ரியாக்‌ஷனில் அவளுடைய கவுன்டர்ஸ்பெல்லைத் தடுக்கிறார்; ஃபயர்பால் பாயும். அந்த டர்னில் அவர் போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல் எதையும் போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2024-இல் ஒரு டர்னுக்கு ஒரு ஸ்லாட் என்பதால் அவரால் முடியாது. கூட இருக்கும் இன்னொருவர் வேண்டுமானால் தடுக்கலாம். மேலும் 2024-இல் செக்கே கிடையாது. ஸ்பெல் போடுகிறவர் கான்ஸ்டிடியூஷன் சேவ் செய்வார்; தோற்றால் ஸ்பெல் கலையும், செலவான ஆக்‌ஷன் வீண், ஆனால் ஸ்லாட் கையிலேயே மிஞ்சும். வில்லன் அடுத்த டர்னில் அதே ஸ்பெல்லோடு திரும்பி வருவான் என்பதை மறக்க வேண்டாம்.

கிளெரிக்கின் கை. இடது கையில் கேடயம், அதில் அவருடைய தெய்வச் சின்னம் பொறித்திருக்கிறது; வலது கையில் மேஸ் (கதாயுதம்). "சின்னம் கேடயத்துலயே இருக்கு, எந்த ஸ்பெல்லும் போடலாம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி. பொருள் கேட்கிற ஸ்பெல்லுக்கு அந்தச் சின்னம் பொருளாக நிற்கும், பொருளைப் பிடித்திருக்கும் அதே கையால் சைகையும் செய்யலாம் என்று விதி அனுமதிக்கிறது. பிளெஸ் ஸ்பெல்லுக்கு வாய், கை, பொருள் மூன்றும் வேண்டும். கேடயக் கையாலேயே போட்டுவிடலாம். கியூர் வூண்ட்ஸுக்கு வாயும் கையும் மட்டும்தான், பொருள் இல்லை. பொருள் இல்லாத இடத்தில் அந்தச் சலுகை வராது, காலியான ஒரு கை வேண்டும். கேட்கக் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் புத்தகத்தில் உள்ளபடி அப்படித்தான்.

அவர் என்ன செய்யலாம்? டர்னுக்கு ஒருமுறை பொருள் ஒன்றை எடுக்கவோ வைக்கவோ செலவில்லாத வாய்ப்பு உண்டு. மேஸை இடுப்பில் செருகிவிட்டு கியூர் வூண்ட்ஸ் போடலாம். ஆனால் திரும்ப உருவ அடுத்த டர்ன் ஆகும், நடுவில் யாராவது தாண்டிப் போனால் மேஸால் ஆப்பர்சூனிட்டி அட்டாக் அடிக்க முடியாது. வார் காஸ்டர் ஃபீட் இருந்தால் ரெண்டு கையும் நிறைந்திருந்தாலும் சைகை செய்யலாம். எல்லாவற்றையும்விட எளிது ஹீலிங் வேர்டு: அதற்கு வாய் மட்டும் போதும், 60 அடி வரை எட்டும், போனஸ் ஆக்‌ஷன். விழுந்து கிடக்கிறவரை எழுப்புவதற்கு முன்வரிசைக் கிளெரிக் அதைத்தான் வைத்திருக்க வேண்டும். வாய் மட்டும் என்பதால் சைலன்ஸ் ஸ்பெல்லின் 20 அடி ஆர வட்டத்துக்குள் அவர் நின்றால் அதுவும் போச்சு. இன்னொன்று: பொருளுக்கு விலை எழுதியிருந்தால் சின்னமோ பொருள் வைக்கும் பையோ அதற்கு ஈடாகாது. செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபைக்கு 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், போட்டதும் அது அழிந்துபோகும். அந்த வைரத்தைச் சண்டைக்கு முன்னாலேயே கேரக்டர் ஷீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் செத்த பிறகு "பையில இருந்துச்சு" என்பதை ஏற்க வேண்டியதில்லை.

மூடுபனிதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். ஃபாக் கிளவுட் 20 அடி ஆரத்துக்குப் பனியை இறக்குகிறது; உள்ளே யாருக்கும் எதுவும் தெரியாது. உங்கள் ரோக் (பதுங்கி அடிக்கும் பாத்திரம்), "எனக்கு எதிரி தெரியலை, டிஸ்அட்வான்டேஜ், எதிரிக்கும் நான் தெரியலை, அட்வான்டேஜ், அப்போ என்ன?" என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அட்வான்டேஜ் என்றால் ரெண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுப்பது, டிஸ்அட்வான்டேஜ் என்றால் சின்னதை எடுப்பது. பதில்: ரெண்டும் அடித்துக்கொண்டு போய்விடும், சாதாரணமாக ஒரு டி20. எண்ணிக்கை முக்கியமில்லை. மூன்று காரணத்தால் அட்வான்டேஜ், ஒரே காரணத்தால் டிஸ்அட்வான்டேஜ் என்றாலும் மிச்சம் எதுவும் நிற்காது. அப்படி அடித்துக்கொண்டு போனபின் ரெண்டுமே இல்லாததாகத்தான் கணக்கு. ஆகவே எதிரியின் 5 அடிக்குள் ரோக்கின் கூட்டாளி நின்றால் பனிக்குள்ளேயும் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் டேமேஜ்) செல்லும்.

எதிரி எங்கே நிற்கிறான் என்பது வேறு கேள்வி. கண்ணுக்குத் தெரியாதவனும் ஒளிந்திருப்பவனும் ஒன்றல்ல. ஹைட் ஆக்‌ஷன் எடுத்து ஸ்டெல்த்தில் (பதுங்கும் திறன்) தேறினால்தான் இடம் தெரியாமல் போகும்; அதுவரை காலடிச் சத்தத்தை வைத்து எந்தச் சதுரம் என்று தெரியும் என்றே வையுங்கள். தேறியவன் என்றால் ரோக் ஒரு சதுரத்தை ஊகித்து அடிக்க வேண்டும், தப்பான சதுரம் என்றால் தானாக மிஸ்.

பனி உண்மையில் வாயை அடைக்கிற இடம் வேறு. "நீ பார்க்கக்கூடிய ஒரு உயிர்" என்று எழுதியிருக்கும் ஸ்பெல் எல்லாம் நின்றுபோகும்: மேஜிக் மிஸைல், ஹோல்டு பெர்சன், கவுன்டர்ஸ்பெல். ஆப்பர்சூனிட்டி அட்டாக்குக்கும் பார்வை வேண்டும், ஆக பனிக்குள் யாரும் பயமின்றி விலகலாம். ஃபயர்பாலுக்கு இலக்கு ஓர் இடம்தான், ஆள் அல்ல. கொள்ளைக்காரி பனிக்கு உள்ளிருந்தே தாராளமாக விடலாம், உங்கள் விசார்டால் அவளைத் தடுக்க முடியாது. உங்கள் துறைமுகச் சண்டையில் நிலைமை மோசமானது இதனால்தான். ஃபாக் கிளவுடைப் போட்டது உங்கள் கட்சி டிரூயிட் (இயற்கை மந்திரப் பாத்திரம்); தன் கட்சி விசார்டின் கவுன்டர்ஸ்பெல்லைத் தானே அடைத்துவிட்டார். டிஎம் செய்ததில் தப்பில்லை.

ஒரு விகாரம் மட்டும் மிஞ்சுகிறது. 150 அடியில் நிற்கும் வில்லாளிக்கு ஷார்ட்போவால் தூரத்துக்கான டிஸ்அட்வான்டேஜ் உண்டு. பனி இறங்கியதும், எதிரி அவரைப் பார்க்காததால் வரும் அட்வான்டேஜ் அதை அழித்துவிட, பனி வந்தபின் அவர் முன்னைவிட நன்றாகச் சுடுகிறார். விதி அப்படித்தான் சொல்கிறது, எனக்கு உடன்பாடில்லை. "ரெண்டு பேருக்கும் பார்வை இல்லை, தூரம் 30 அடிக்கு மேல் என்றால் டிஸ்அட்வான்டேஜ் மட்டும்" என்று வீட்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்னால் அறிவிக்க வேண்டும், சண்டைக்கு நடுவில் கூடாது.

கான்சன்ட்ரேஷனில் பிழை எளிமையானது. டேமேஜ் வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் சேவ். டிசி 10 அல்லது டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. பாதியை எப்போதும் கீழ்நோக்கி முழுதாக்க வேண்டும் என்பதால் 21 டேமேஜ் வரை டிசி 10-தான், 22-இல்தான் 11 ஆகிறது. மூன்று கொள்ளையர்கள் ஆளுக்கு ஒரு அடி அடித்தால் டேமேஜைக் கூட்டி ஒரு சேவ் என்று நீங்கள் செய்திருக்கிறீர்கள். தனித்தனியாக மூன்று சேவ் செய்ய வேண்டும். +2 உள்ள டிரூயிடுக்கு டிசி 10-ஐத் தேற 65 சதவீத வாய்ப்பு. மூன்றையும் தேற ஏறக்குறைய 27 சதவீதம்தான். சின்னச் சின்ன அடியாட்கள் பெரிய ராட்சசனைவிட ஸ்பெல்காரருக்கு ஆபத்து என்பது இங்கிருந்துதான் வருகிறது. சேவில் தேறிப் பாதி டேமேஜ் வாங்கினாலும் கான்சன்ட்ரேஷன் சோதனை உண்டு. ரெசிஸ்டன்ஸ் (டேமேஜைப் பாதியாக்கும் தன்மை) இருந்தால் குறைந்தபின் உள்ள டேமேஜை வைத்துக் கணக்கிடுங்கள். எச்பி (உயிர்ப் புள்ளி) 0-க்குப் போனால் சேவே இல்லை, ஸ்பெல் அங்கேயே முடிந்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழி, ரெடி ஆக்‌ஷன். "அவன் கதவைத் திறந்ததும் ஃபயர்பால்" என்று ஸ்பெல்லைப் பிடித்து வைத்தால், ஸ்லாட் அப்போதே செலவு, பிடித்து வைத்திருப்பதற்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும். ஏற்கெனவே வெப் ஸ்பெல்லைத் தாங்கிக்கொண்டிருந்தவர் ஃபயர்பாலை ரெடி செய்த நொடியில் வலை மறைந்துவிடும். அடுத்த டர்ன் வரை கதவு திறக்கவில்லை என்றால் ஸ்லாட் திரும்பாது.

ஷீல்டு பற்றிச் சுருக்கமாக: அட்டாக் பட்டது என்று தெரிந்த பிறகு, டேமேஜ் உருட்டும் முன்னால் போட வேண்டும். ஏசி (அடி பட அட்டாக் எட்ட வேண்டிய எண்) +5, அடித்த அந்த அடிக்கும் சேர்த்து, அவருடைய அடுத்த டர்ன் தொடங்கும்வரை. அட்டாக் மொத்தம் எத்தனை என்று டிஎம் சொல்ல வேண்டும் என விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 24 வந்த அடிக்கு ஏசி 13 விசார்ட் வீணாக ஸ்லாட்டை எரிப்பார். நேச்சுரல் 20-க்கு, அதாவது பகடையிலேயே 20 விழுந்த அடிக்கு, ஷீல்டு உதவாது.

ஓடுகிறவனை அடிக்கும் விதியில் உங்கள் ஃபைட்டர், பக்கத்தில் அசைந்த எல்லாரையும் அடித்திருக்கிறார். ஆப்பர்சூனிட்டி அட்டாக் எழுவது, எதிரி உங்கள் எட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் கணத்தில் மட்டும். உங்களைச் சுற்றியே 5 அடிக்குள் அவன் வலம் வந்தால் எழாது. கிளேவ் (நீண்ட கம்பின் முனையில் கத்தி) போன்ற 10 அடி ஆயுதம் பிடித்திருந்தால் 5 அடியிலிருந்து 10 அடிக்கு நகர்ந்தாலும் எழாது, 10-ஐத் தாண்டினால்தான் எழும். தள்ளப்பட்டவனுக்கு எழாது: தண்டர்வேவ் 10 அடி தள்ளினால் அவன் தன் காலால் போகவில்லை. மிஸ்டி ஸ்டெப்புக்கும் எழாது. டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ் வேறு கதை. அது எதிரியைத் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து ஓட வைக்கிறது, தன் காலால் ஓடுவதால் அடி எழும். பாட்டுக்காரப் பாத்திரமான பார்ட் ஒருவரும் ஃபைட்டர் ரெண்டு பேரும் உள்ள கூட்டத்துக்கு அது 1-ஆம் லெவலிலேயே பெரிய ஆயுதம். ரோக்கின் ஸ்னீக் அட்டாக் "டர்னுக்கு ஒருமுறை" என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே தன் டர்னில் ஒன்று, எதிரி ஓடும்போது அவன் டர்னில் இன்னொன்று என ஒரே ரவுண்டில் ரெண்டு செல்லும்.

கட்டம் வரைவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொம்மை வாங்க வேண்டாம், வடசென்னையில் கேரம் காய் இல்லாத தெரு உண்டா? வெள்ளை உங்கள் கட்சி, கருப்பு எதிரி, சிவப்பு வில்லன். காயின் விட்டம் 3 செ.மீ-க்குக் கொஞ்சம் மேல், அதனால் வழக்கமான ஒரு அங்குலக் கட்டத்தில் அடங்காது, பக்கத்துச் சதுரத்தில் ஏறி உட்காரும். யார் எந்தச் சதுரம் என்ற தகராறு அங்கேயே பிறக்கும். 3.5 செ.மீ சதுரம் போடுங்கள், ஒரு சதுரம் 5 அடி. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் முழு சார்ட் பேப்பர் 56-க்கு 71 செ.மீ, அதில் 16-க்கு 20 சதுரம் வரும், அதாவது 80-க்கு 100 அடி. கேரம் போர்டின் மேல் விரித்து ஓரத்தில் கிளிப் போட்டால் கடற்காற்றுக்குப் பறக்காது.

அட்டையில் மூன்று வடிவம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்பாலுக்கு 14 செ.மீ ஆரமுள்ள வட்டம். அதன் மையம் சதுரத்தின் நடுவில் அல்ல, நாலு சதுரம் கூடும் மூலையில் வர வேண்டும். வட்டத்துக்குள் பாதியாவது விழுந்த சதுரம் கணக்கில் வரும். பர்னிங் ஹேண்ட்ஸுக்கு உயரமும் அடிப்பக்கமும் 10.5 செ.மீ உள்ள முக்கோணம், ஏனென்றால் கோனின் எந்த இடத்திலும் அகலம் அதன் முனையிலிருந்து உள்ள தூரத்துக்குச் சமம். வெப்புக்கு 14 செ.மீ சதுரம். லைட்னிங் போல்ட்டின் 100 அடிக்கு 70 செ.மீ நூல் போதும். வடிவத்தை வைத்தபின் நகர்த்தக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் போடுங்கள். ஃபயர்பாலின் 8டி6-ஐ (எட்டு ஆறுமுகப் பகடை) ஒருமுறை மட்டும் உருட்டி எல்லாருக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். சேவிங் த்ரோ மட்டும் ஆளுக்கு ஒன்று. 2014 புத்தகத்தின்படி அந்த நெருப்பு மூலை திரும்பியும் பாயும், படகுக்குப் பின்னால் பதுங்கிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். படகின் விளிம்பு அம்புக்கு ஹாஃப் கவர் (பாதி மறைப்பு), ஏசி +2.

கடைசியாக, ஆட்டத்துக்கு நடுவில் விதி தெரியாமல் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி. ரெண்டு நிமிஷம் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் டிஎம் ஒரு தீர்ப்பு சொல்லி, நோட்டில் எழுதிவிட்டுத் தொடரட்டும். அன்றைக்கு அந்தத் தீர்ப்பு ரெண்டு கட்சிக்கும் ஒன்றாகச் செல்லும். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்து, அடுத்த ஞாயிறு தொடங்கும் முன் சரியான விதியைப் படித்துக்காட்டுங்கள். நடந்து முடிந்த சண்டையைத் திருப்பி ஓட்டாதீர்கள். ஒரு பாத்திரம் அந்தத் தப்பான தீர்ப்பால் செத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. உங்கள் டிரூயிட் விஷயத்தை அப்படியே சோதியுங்கள்: அவர் 0 எச்பியில் கிடந்தபோது பக்கத்தில் நின்ற கொள்ளையன் ஒரு குத்துக் குத்தினான், உடனே செத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 5 அடிக்குள்ளிருந்து நினைவிழந்தவர் மேல் படும் அடி தானாகவே கிரிட்டிகல். அது ரெண்டு டெத் சேவ் (0 எச்பியில் உயிர் பிழைக்க உருட்டும் சேவ்) தோல்வி. சாக மூன்று வேண்டும். அதற்கு முன் அவர் ஒரு டெத் சேவ் கூட உருட்டவில்லை என்றால், அந்த ஒரே அடியின் டேமேஜ் அவருடைய முழு எச்பி அளவுக்கு எட்டவில்லை என்றால், அவர் சாகவில்லை. ரெண்டு தோல்வியோடு படகின் தட்டில் கிடக்கிறார், கிளெரிக்கின் அடுத்த டர்னில் ஹீலிங் வேர்டு 60 அடிக்குள் எட்டும்.